மில்லிங் மெஷினுக்குள் தண்ணீர்: டென்டல் லேப் காற்றில் ஈரத்தை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

இந்த மாதிரி போன் பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு மேல்தான் வரும்.

"அண்ணே, காலையிலேருந்து பதினஞ்சு யூனிட் ஓடிருச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல. இப்ப டூல் மாத்தும்போது பர்ரை விட மாட்டேங்குது. ஃபில்டர் கிண்ணத்துல கால்வாசி தண்ணி."

"டேங்க்க ட்ரெயின் பண்ணீங்களா தம்பி?"

"தினமும் காலையில பண்றோம்ணே."

பண்ணியிருப்பார், பொய் சொல்லவில்லை. டேங்க்கைக் காலி செய்வதும் காற்றை உலர்த்துவதும் ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கல். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஜிர்கோனியா என்ற வெள்ளை செராமிக்கிலிருந்து பல் உறை அறுக்கும் லேப்களுக்குப் போகும்போது நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு குழப்பத்திலிருந்து வருவதுதான்.

மெஷினுக்குள் காற்று மூன்று வேலை செய்கிறது. அறுக்கும் முனையான பர்ரைப் பிடித்திருக்கும் கோலெட்டைத் திறந்து பர்ரை மாற்றுகிறது. பர்ரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கு வழியாக எப்போதும் கொஞ்சம் வெளியே ஊதி, தூள் பேரிங்குக்குள் போகாமல் காவல் காக்கிறது; இதைத்தான் சீலிங் ஏர் என்கிறோம். அறுபடும் இடத்தில் தூளை ஊதித் தள்ளுவது மூன்றாவது வேலை. தண்ணீர் வந்தால் மூன்றும் கெடும். செலவு வைப்பது இரண்டாவதுதான், பேரிங் போனால் ஸ்பிண்டிலே போன மாதிரி.

எதையும் கழற்றும் முன் கம்ப்ரஸரை நிறுத்தி, லைனில் இருக்கும் காற்றை முழுதாக இறக்கிவிடுங்கள், கேஜ் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். ஃபில்டரின் கண்ணாடி மாதிரியான கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட். அதைத் தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதிலும் கழுவக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, பிறகு 7 பார் அழுத்தத்தில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

டேங்க்கை தினமும் காலி செய்தும் மெஷின் பக்கத்து ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறது

இதற்கு ஸ்பானர் வேண்டாம், ஒரு காகிதமும் பேனாவும் போதும்.

வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். உங்கள் மெஷின் நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று எடுக்கிறது என்று வைப்போம். மணிக்கு 6 கன மீட்டர், அதோடு 138 கிராம் தண்ணீர். கம்ப்ரஸர் இதை கேஜில் 7 பாருக்கு, அதாவது வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்து 8 பாருக்கு அழுத்தும்போது 6 கன மீட்டர் முக்கால் கன மீட்டராகச் சுருங்கிவிடும். எவ்வளவு ஆவி தங்கும் என்பதைத் தீர்மானிப்பது இடமும் சூடும்தான். 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் 51 கிராமுக்கு மேல் நிற்காது, எத்தனை பார் அழுத்தினாலும் சரி. ஆக, டேங்க் 40 டிகிரியில் இருந்தால் 38 கிராம் ஆவியாகத் தங்கும். பாக்கி 100 கிராம் டேங்க்கின் அடியில் விழும். காலையில் நீங்கள் திறந்துவிடுவது இந்த 100 கிராம் கணக்கைத்தான்.

அந்த 38 கிராம் எங்கே போகும்? பைப் வழியாக ஏசி அறைக்குள் வரும். அங்கே 24 டிகிரி. அந்தச் சூட்டில் முக்கால் கன மீட்டர் காற்று 16 கிராமைத்தான் தாங்கும். மீதி 22 கிராம் சுவரைத் தாண்டியதும் பைப்புக்குள்ளேயே தண்ணீராகிவிடுகிறது. எட்டு மணி நேரம் ஓடினால் 176 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். டேங்க்கை நீங்கள் துடைத்து வைத்திருந்தாலும் இந்த ஒரு டம்ளர் வந்தே தீரும். அது மதியம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. காலையில் டேங்க் குளிர்ந்திருக்கும், தண்ணீர் டேங்க்கிலேயே விழுந்துவிடும். ஓட ஓட டேங்க் சூடாகும், கூடுதல் ஆவி அறைக்குள் வரும்.

காற்று எங்கே முதலில் குளிர்கிறதோ அங்கே தண்ணீர் விழும். அந்த இடம் ஏசி அறைக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் இங்கே செய்ய வேண்டிய வேலை.

கம்ப்ரஸர் ஹெட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவே ஃபேன் காற்று படும் செம்புச் சுருளும் ஒரு வாட்டர் செபரேட்டரும் இருந்தால் பாதி பாரம் குறையும். அதற்குப் பிறகு காற்றை உலர்த்தும் ட்ரையர், சுவருக்கு வெளிப்புறம். பைப் ஏசி அறைக்குள் நுழைந்த பிறகு ட்ரையர் மாட்டுவது வீடு நனைந்த பிறகு ஓடு மாற்றுகிற கதை. பைப் மெஷினை விட்டு விலகும் திசையில் லேசாகச் சரிய வேண்டும். கிளை பிரிக்கும் இடத்தில் பைப்பின் அடியிலிருந்து எடுக்காமல் தலையிலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். பிளம்பிங் பிவிசி பைப்பைக் காற்றுக்குப் போடவே கூடாது, உடைந்தால் கத்தித் துண்டுகளாகத் தெறிக்கும். ஜிஐ பைப் உள்ளே துருப்பிடித்து அந்தத் துருவையும் சேர்த்து அனுப்பும். அலுமினியமோ நல்ல பியூ (பாலியூரித்தேன்) டியூபோ போதும்.

மழைக்காலத்தில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி மழையில் 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 23 கிராம். கத்திரி வெயிலில் 34 டிகிரி, 65 சதவீதம் என்றால் 24 கிராம். தோல் காய்கிறதே தவிர கம்ப்ரஸர் குடிக்கும் தண்ணீர் குறையவில்லை. கூடவே டேங்க்கும் சூடு. அதனால் மே மாதம்தான் எனக்கு அதிக அழைப்பு.

கம்ப்ரஸரையே ஏசி அறைக்குள் வைத்தால்? 24 டிகிரி, 50 சதவீதக் காற்றில் 11 கிராம்தான் இருக்கும், கணக்குப்படி லாபம். ஆனால் அது கக்கும் சூட்டை ஏசி இழுக்க வேண்டும், சத்தத்தில் டிசைன் போடும் பெண் வேலையை விட்டுப் போய்விடுவார். நான் சொல்ல மாட்டேன்.

ட்ரையர் இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் வருகிறது

முதலில் பைபாஸ் வால்வைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். ட்ரையரைச் சுற்றி ஒரு பைப், அதில் ஒரு மஞ்சள் கைப்பிடி. கைப்பிடி பைப்போடு ஒரே கோட்டில் இருந்தால் வால்வ் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு லேப்பில் சர்வீஸுக்கு வந்தவர் திறந்து வைத்துவிட்டுப் போய், எட்டு மாதம் அப்படியே ஓடியிருக்கிறது. ட்ரையர் ஜம்மென்று உறுமிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. காற்று மட்டும் அதன் பக்கமே போகவில்லை. அந்தக் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பியதோடு என் வேலை முடிந்தது. அதற்கு முன்பே அவர்கள் இரண்டு கோலெட் வாங்கியிருந்தார்கள்.

பைபாஸ் மூடியிருந்தால் அடுத்தது, என்ன வகை ட்ரையர் என்று பாருங்கள்.

ஃப்ரிட்ஜ் மாதிரி குளிரவைக்கும் ட்ரையர் என்றால் அது காற்றை 3 டிகிரி வரை குளிரவைத்துத் தண்ணீரைப் பிரிக்கிறது. ஏசி அறை 22, 24 என்றிருக்கும் லேப்புக்கு இது தாராளம். ஆனால் அதன் பலகையில் எழுதியிருக்கும் கொள்ளளவு எந்த நிலைக்கு என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 7183 தரத்தின் முதல் வகைப்படி கொடுத்திருந்தால், உள்ளே வரும் காற்று 35 டிகிரி, சுற்றுப்புறம் 25 டிகிரி. நம்மூரில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் 42 இருக்கும்; ஹெட்டிலிருந்து வரும் காற்று 50-ஐத் தாண்டும். அந்த நிலையில் பலகையில் எழுதியதில் பாதியைத்தான் நான் நம்புவேன். பின்பக்கக் கண்டென்ஸர் தகடுகளில் ஜிப்சம் தூள் படிந்து கம்பளி மாதிரி மூடியிருக்கும். உள்ளிருந்து வெளியே ஊதி எடுங்கள், அதுவே சில டிகிரி குறைக்கும். அடியில் இருக்கும் ஆட்டோ ட்ரெயின் துப்புகிறதா என்று நின்று பாருங்கள். பிரித்த தண்ணீரை வெளியே விடாத ட்ரையர், அதைத் திரும்ப லைனிலேயே ஊற்றும். டேங்க் துரு அந்தச் சின்னத் துளையை அடைப்பது சர்வ சாதாரணம். இன்னொன்று, ட்ரையரை முதலில் போட்டு ஐந்து பத்து நிமிடம் குளிரவிட்டு அப்புறம் கம்ப்ரஸர். ஒரே ஸ்விட்சில் இரண்டையும் இணைத்திருந்தால் தினமும் முதல் பத்து நிமிடம் ஈரக்காற்றுதான்.

மணிகள் நிரப்பிய ஒற்றைத் தூண் ட்ரையர் வேறு கதை. கிளினிக்குக்கு என்று வரும் எண்ணெயில்லாக் கம்ப்ரஸர்கள் பலவற்றில் இது உள்ளேயே இருக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது மணிகள் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஸர் நிற்கும்போது கொஞ்சம் உலர்ந்த காற்று பின்னோக்கிப் போய் அந்த ஈரத்தை வெளியே தள்ளும். நிற்கும்போதுதான் அதற்கு மூச்சே. டென்டல் சேரில் டாக்டர் பல் குடையும் ஏர் ரோட்டாரை ஒரு நிமிடம் ஓட்டுவார், நாலு நிமிடம் பேசுவார். அதற்கு இது அருமை. மில்லிங் மெஷின் பேசாது. மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும், கம்ப்ரஸர் நிற்காது, மணிகள் உலராது. அரை நாளில் நனைந்துபோய், அதற்குப் பிறகு அந்தத் தூண் வெறும் குழாய்தான். கம்ப்ரஸர் பத்து நிமிடத்துக்கு எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஏழு எட்டு நிமிடம் ஓடினால் ட்ரையரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய கம்ப்ரஸரோ, ஒன்று உழைக்கும்போது மற்றது உலரும் இரட்டைத் தூண் ட்ரையரோ வேண்டும். அதற்கு முன்னால் ராத்திரி மெஷினை நிறுத்திவிட்டு லீக் பாருங்கள். காற்றுக் கசிவு கம்ப்ரஸரைச் சும்மா ஓடவைத்து, அதே பாவத்தைச் செய்யும்.

கிண்ணம் காய்ந்திருக்கிறது, ஆனால் கோலெட்டில் துரு

மேலே சொன்னதைவிட இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும், அதனால் செலவும் அதிகம்.

கோலெட்டைக் கழற்றி, கூம்புப் பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புதிதாக இருக்கையில் ஒரே வெள்ளிப் பளபளப்பு. ஈரம் பட்டதில் மிளகுத்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருக்கும், நகத்தால் தடவினால் சொரசொரக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் பர்ரை ஒரு பக்கமாகத் தள்ளும். மெஷின் எரர் காட்டாது. கிரவுன் மார்ஜின் மட்டும் பல்பல்லாகப் பெயர்ந்து வரும், பர் சீக்கிரம் உடையும். ஜிர்கோனியா டிஸ்க் மட்டம் என்று டீலரோடு சண்டை நடக்கும்.

முதலில் திரவம் ஊற்றி அறுக்கும் வெட் மில்லிங் செய்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி செராமிக்கோ டைட்டானியமோ அறுக்கும் மெஷினில் அந்தத் திரவம், அதாவது கூலன்ட், தெறித்து மூக்கு வழியாக ஏறியிருக்கலாம். விரலில் தொட்டால் வழுவழுப்பு, ஒரு வாசனை. வேலை முடிந்த கையோடு காற்றை அடைத்துவிட்டால் சீலிங் ஏர் நின்று, மூக்கில் தொங்கும் துளி உள்ளே போகும். அது காற்றின் குற்றமில்லை.

ட்ரை மில்லிங் மட்டும் என்றால் காற்றைச் சோதிக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். டிஷ்யூ பேப்பரில் ஊதிப் பார்த்து நனையவில்லை என்றால் காற்று நல்லது என்று முடிவு கட்டுகிறார்கள். டிஷ்யூ துளியைக் காட்டும், ஆவியைக் காட்டாது. ஒருவர் ஹைக்ரோமீட்டரை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஊதி, "பத்து பன்னிரண்டு சதவீதம்தான் காட்டுது, பாலைவனம் மாதிரி இருக்கு" என்றார். 24 டிகிரியில் லைன் முழுக்க ஆவி நிரம்பி வழிந்தாலும், 7 பாரிலிருந்து வெளியே வந்ததும் காற்று எட்டு மடங்கு விரிந்து, அதே 12 சதவீதம்தான் காட்டும். அழுத்தத்தில் இருக்கும்போதே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டியூ பாயிண்ட் (ஆவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. இரண்டு மீட்டர் ஒளி ஊடுருவும் பியூ டியூபை லைனில் சேர்த்து, சுருட்டி, ஐஸ் போட்ட வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். டியூபின் கடைசியில் ஒரு ஃப்ளோ கன்ட்ரோல் வால்வ். மெல்லிய சீழ்க்கை கேட்கும் அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். டியூபுக்குள் முழு அழுத்தம் இருக்க வேண்டும். தண்ணீரை 8 டிகிரி அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் ஒழுங்கான ஃப்ரிட்ஜ் ட்ரையரும் தோற்றுவிடும். கால் மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்துப் பாருங்கள். உள்சுவரில் வியர்வை மாதிரி துளி இருந்தால் ட்ரையர் வேலை செய்யவில்லை.

ஃபில்டர் இதைத் தடுக்காதா என்று கேட்பார்கள். 0.01 மைக்ரான் ஃபில்டர் துளியைப் பிடிக்கும், எண்ணெய் மூட்டத்தைப் பிடிக்கும். ஆவி அதன் வழியே நடந்து போகும். போய், அடுத்த குளிர்ந்த இடத்தில் தண்ணீராகும். அது ஏசி வாய்க்கு நேர் கீழே ஓடும் டியூபாக இருக்கலாம். கூலிங் வைத்த ஸ்பிண்டிலாகவும் இருக்கலாம். மெஷின் கையேட்டில் ஐஎஸ்ஓ 8573-1 என்று போட்டு மூன்று எண் கொடுத்திருப்பார்கள். முதல் எண் தூசி, நடு எண் தண்ணீர், கடைசி எண்ணெய். நடு எண் 4 என்றால் அழுத்தத்தில் 3 டிகிரி டியூ பாயிண்ட், 3 என்றால் மைனஸ் 20, 2 என்றால் மைனஸ் 40. ஃபில்டர் வாங்கி நடு எண்ணை மாற்ற முடியாது.

தூள் ஒட்டுகிறது

ஜிர்கோனியா தூள் இட்லி மாவு ஓரத்தில் காய்ந்த மாதிரி டூல் மேகஸினிலும் கோலெட் மூக்கிலும் அப்பியிருந்தால், சுரண்டினால் கட்டியாகப் பெயர்ந்தால், அது தண்ணீர். ஊதும் நாசிலைச் சுற்றி மட்டும் அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) சீவல் கண்ணாடிக் கதவு முழுக்கப் பஞ்சு மாதிரி ஒட்டி, விரலைக் கொண்டுபோனால் நகர்ந்தால், அது ஸ்டாட்டிக் மின்சாரம். ஈரத்துக்கு நேர் எதிர். காற்று நன்றாக உலர்ந்த பிறகு இது கூடத்தான் செய்யும். ட்ரையரைக் கழற்றிவிடாதீர்கள், அயனைஸர் இருந்தால் அதைச் சுத்தம் செய்யுங்கள், சக்‌ஷனைப் பாருங்கள்.

நேரம் ஆக ஆக அழுத்தம் குறைகிறது, ஒரு மணி நேரம் நிறுத்தினால் சரியாகிறது

ஃப்ரிட்ஜ் ட்ரையர் உள்ளே ஐஸ் கட்டுகிறது. ட்ரையருக்கு முன்னால் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ் வைத்தால் நடுவில் ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் தெரியும். நிறுத்தினால் ஐஸ் உருகி, அடுத்து போட்டதும் ஒரு மடக்குத் தண்ணீர் மொத்தமாக வரும். ட்ரையரைக் குளிரவைக்கும் கேஸிலோ அதன் ஹாட் கேஸ் பைபாஸ் வால்விலோ கோளாறு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நிறுத்தினாலும் சரியாகவில்லை என்றால் ஃபில்டர் எலிமென்ட் அடைத்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். மாற்றும்போது அம்புக்குறி காற்றுப் போகும் திசையில் இருக்கட்டும்.

கிண்ணத்தில் பால் மாதிரி அல்லது டீ மாதிரி

டீ நிறம் டேங்க் துரு. பால் நிறம் எண்ணெயும் தண்ணீரும் கலந்தது. எண்ணெயில்லாக் கம்ப்ரஸர் வைத்திருக்கும் லேப்பில் பால் வந்தால், சுவரில் இருக்கும் எஃப்.ஆர்.எல் (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) யூனிட்டைப் பாருங்கள். மூன்று கிண்ணம் இருந்தால் மூன்றாவது, காற்றில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர். ஒர்க்‌ஷாப் ஏர் டூலுக்கு மாட்டிப் பழகிய பிட்டர் இங்கேயும் மாட்டி, பாசத்தோடு எண்ணெயும் ஊற்றியிருப்பார். உடனே கழற்றுங்கள், அதற்குப் பிறகுள்ள டியூபையும் மாற்றுங்கள். சின்டரிங் (சூளையில் சுட்டு இறுக்குவது) ஆகாத ஜிர்கோனியா சுண்ணாம்புக் கட்டி மாதிரி உறிஞ்சும். அதில் எண்ணெய் ஏறினால் சூளையிலிருந்து கிரவுன் கறையோடு வந்து, டெக்னீஷியன் ஷேடு லிக்விடைத் திட்டுவார். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும் எண்ணெய் பட்டால் அவ்வளவுதான். ஈரத்தால் நீலம் இளஞ்சிவப்பானால் ஓவனில் 120 டிகிரியில் காயவைத்து மீட்கலாம். பழுப்பானால் குப்பைதான். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், வீட்டுச் சமையல் ஓவன் வேண்டாம்.

திங்கட்கிழமை முதல் வேலை மட்டும் கெடுகிறது

ஞாயிறு முழுக்க பைப்பின் தாழ்ந்த வளைவில் தேங்கிய தண்ணீர், திங்கள் காலை முதல் வீச்சில் மெஷினுக்குள் போகிறது. மெஷினுக்குப் போகும் டியூபை அழுத்தம் இறக்கிவிட்டுக் கழற்றி, முனையை ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு, ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு நிமிடம் ஊதவிட்டுப் பிறகு மாட்டுங்கள். பாட்டிலில் விழுவதை ஒரு மார்க்கர் கோடு போட்டு வையுங்கள். வாராவாரம் கோடு ஏறினால் வளைவைத் தேடிப் பிடித்து நிமிர்த்த வேண்டும். பெரும்பாலும் அது மெஷினுக்குப் பின்னால், தரையில் சுருட்டிப் போட்ட மிச்ச டியூபில்தான் இருக்கும்.